செல் படுத்தால் எங்கே பார்ப்பது: கரியமில வாயுவை எரிபொருளாக்கும் வினையூக்கிகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மின்சாரத்தைக் கொண்டு கரியமில வாயுவை எத்திலீனாகவோ கார்பன் மோனாக்சைடாகவோ மாற்றும் மின்வேதிச் செல் தொடக்கத்தில் எல்லோருக்கும் நன்றாகத்தான் ஓடும். அதற்கப்புறம் விளைச்சல் கோடு சரியத் தொடங்கும். உடனே வாயில் வருவது, "கேட்டலிஸ்ட் போயிருச்சு." பெருந்துறைப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் இந்த வேலையில் இருக்கிறேன். இதே வார்த்தையை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். பாதிக்கு மேல் தப்பாகத்தான் சொன்னேன். கேட்டலிஸ்ட் என்கிற வினையூக்கியைச் சுற்றி தண்ணீர், வாயு, இரண்டு மின்முனைகளையும் பிரிக்கும் சவ்வு, கேஸ்கட், கரண்ட் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. அதில் ஏதோ ஒன்று முதலில் படுக்கும், பழி வினையூக்கி மேல் விழும்.

எங்கே பார்ப்பது என்று தெரிய ஒரு பழைய கண்டுபிடிப்பு உதவும். ஜப்பானின் யோஷியோ ஹோரி 1980-களில் உலோகம் உலோகமாகச் சோதித்துக் காட்டியது இது: தங்கமும் வெள்ளியும் கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்சைடாக்கும், வெள்ளீயம், ஈயம், பிஸ்மத் மூன்றும் ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு வடிவம்) தரும், மீத்தேன், எத்திலீன், ஆல்கஹால் வரை கொண்டுபோவது செம்பு மட்டுமே. இரும்பு, நிக்கல், பிளாட்டினம் போட்டால் ஹைட்ரஜன்தான் வரும். ஆக, செல்லிலிருந்து வருகிற வாயு மாறினால் மின்முனையின் மேல்பரப்பில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே முதல் துப்பு.

தொடங்கும் முன் ஒரு காரியம் செய்துகொள்ளுங்கள். செல்லின் வோல்டேஜ், வாயு நுழையும் பக்கத்து அழுத்தம், விளைபொருள் விகிதம் இந்த மூன்றையும் ஒரே நேரக்கோட்டில் குறித்து வையுங்கள். மூன்றில் எது முதலில் அசைந்தது என்று தெரிந்தால் கீழே எந்தத் தலைப்புக்குப் போவது என்று தெரிந்துவிடும். மூன்றும் சேர்ந்து அசைந்ததாகத் தோன்றினால், அளவெடுக்கும் இடைவெளி பெரிது என்று அர்த்தம். ஜி.சி.யில் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) ஊசி போடும் இடைவெளியைக் குறையுங்கள்.

ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஹைட்ரஜன் ஏறுகிறது

இவ்வளவு சீக்கிரம் சரிந்தால் தண்ணீரையும் உப்பையும் சந்தேகப்படுங்கள். மின்பகுளியில், அதாவது மின்சாரம் கடத்தும் உப்புக் கரைசலில், இருக்கிற இரும்பும் துத்தநாகமும் செம்பின் மேல் படிந்து மூடுகின்றன. எவ்வளவு இருந்தால் மூடும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன், வயிறு கலங்கிவிட்டது. 50 மில்லி கரைசலில் நூறு கோடியில் 10 பங்கு இரும்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எடையாகப் பார்த்தால் அரை மைக்ரோகிராம். அணுக்களாக எண்ணினால் சுமார் 5.4 × 10^15. ஒரு சதுர சென்டிமீட்டர் தட்டையான செம்பில் மேல் அடுக்கில் இருப்பது சுமார் 1.7 × 10^15 அணுக்கள். அதாவது, அந்தத் துளி இரும்பு முழுவதும் படிந்தால் செம்பை மூன்று தடவை மூடிவிடும். கடையில் வாங்கும் பொட்டாசியம் பைகார்பனேட் டப்பாவில் 99 சதவீதத்துக்கு மேல் தூய்மை என்று போட்டிருப்பதை நம்பி இருந்தால் இதுதான் கதி.

நம்ம ஊரில் தண்ணீர் ஒரு தனிக் கதை. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு "இது நல்ல தண்ணீர்தானே" என்று தோன்றும். போர் தண்ணீரில் கண்ணாடிக் குடுவையைக் கழுவிக் காயவைத்தால் வெள்ளையாகப் படலம் நிற்பது எல்லோருக்கும் தெரியும். திருப்பூரிலிருந்து வந்த ஒரு மாணவர், சாயப்பட்டறைகளில் ஆர்.ஓ. பார்த்துப் பழகியவர், "ஆர்.ஓ. தண்ணிதானுங்க சார் ஊத்துனேன்" என்றார். ஆர்.ஓ. சாயத்துக்குப் போதும், இதற்குப் போதாது. மின்தடைத்திறன் 18.2 மெகா ஓம் சென்டிமீட்டர் காட்டும் தண்ணீர் வேண்டும். அயனிகளைப் பிடிக்கும் ரெசின் தீர்ந்துபோன சுத்திகரிப்புக் கருவி பழைய எண்ணையே காட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு, மீட்டரையும் ஒரு தடவை சரிபாருங்கள். குடுவையை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள்.

தண்ணீர் சரி என்றால் அடுத்தது உலோகத் துண்டுகள். எங்கள் முதல் செல்லைக் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்தோம். வேலை அருமை, பம்பு உதிரிபாகம் கடைந்து பழகிய கை. வாயுக் குழாய் மாட்டும் நிப்பிளைப் பித்தளையில் போடச் சொன்னவன் நான். "பித்தளைனா துருப்பிடிக்காதுங்க சார், காலத்துக்கும் நிக்கும்" என்று பட்டறை அண்ணன் சொன்னதும் தப்பில்லை, பம்புக்கு அது சரிதான். ஆனால் பித்தளையில் துத்தநாகம் இருக்கிறதே. மின்பகுளி பட்ட இடத்தில் துத்தநாகம் கரைந்து, சுற்றி வந்து, செம்பின் மேல் உட்கார்ந்தது. எத்திலீன் இறங்க இறங்கக் கார்பன் மோனாக்சைடு ஏறியது. மூன்று வாரம் நாங்கள் வினையூக்கித் தயாரிப்பு முறையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிப்பிளைப் பிளாஸ்டிக்கில் மாற்றியது ஒரு மதிய வேலை.

நேர்மின்முனையில் பிளாட்டினம் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். துளித்துளியாகக் கரைந்து, சவ்வைத் தாண்டி, செம்பின் மேல் படியும். பிளாட்டினம் ஹைட்ரஜனுக்கென்றே பிறந்த உலோகம், கொஞ்சம் வந்தாலே போதும். இரிடியம் ஆக்சைடுக்கு மாறுங்கள். குறைந்த மின்னோட்டச் சோதனைக்குக் கிராஃபைட் போதும்.

மருந்து இரண்டு உண்டு. ஹோரி காலத்திலிருந்தே இருப்பது முன்மின்பகுப்பு: வேறொரு பலிகடா மின்முனையைப் போட்டு, சிறு மின்னோட்டத்தில் ஓர் இரவு ஓடவிட்டால் கரைசலில் இருக்கிற அந்நிய உலோகம் அதன் மேல் படிந்துவிடும். காலையில் அதை எடுத்து எறிந்துவிட்டு உங்கள் செம்பை உள்ளே விடலாம். இன்னொன்று, உலோக அயனிகளைக் கவ்விப் பிடிக்கும் இ.டி.டி.ஏ.யைத் துளி சேர்ப்பது, அல்லது அதே வேலை செய்யும் ரெசின் வழியே கரைசலை வடிப்பது. எனக்கு முன்மின்பகுப்புதான் பிடிக்கும். புதிதாக எதையும் உள்ளே சேர்க்காமல் வேலை முடிகிறது.

வாயுப் பக்கம் அழுத்தம் ஏறுகிறது. திறந்தால் வெள்ளைப் பொடி

இதுதான் பெரிய வியாதி. கார்பன் தாளில் வினையூக்கி பூசி, ஒரு பக்கம் வாயுவும் மறுபக்கம் சவ்வும் இருக்கிற செல்களில் பெரும்பாலானவை இதில்தான் விழுகின்றன. எங்கள் செல்லை முதன்முதலில் பிரித்தபோது வாயு ஓடும் பள்ளங்கள் முழுக்க, பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூத்த மாதிரி, வெள்ளையாகப் பூத்திருந்தது. விரல் நுனியால் தடவினால் நறநறவென்றது. ஒரு மூலையில் மட்டும் ஊசி ஊசியாகப் படிகம் நின்றது. வாயு வெளியேறும் துளைக்கு நேர் எதிரே.

வருவது எப்படி என்றால், கரியமில வாயு மாறும்போது, வினையூக்கி இருக்கும் எதிர்மின்முனையில் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அது பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடித்துக் கார்பனேட் ஆகிறது. நேர்மின்முனைப் பக்கக் கரைசலிலிருந்து பொட்டாசியம் சவ்வைத் தாண்டி வருகிறது. இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் கார்பனேட், பைகார்பனேட். கார்பனேட் தண்ணீரில் தாராளமாகக் கரையும். பைகார்பனேட் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கரையும், அதனால் முதலில் படிவது அதுதான். படிந்த உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் இன்னும் பொட்டாசியத்தைக் கொண்டுவரும். ஒரு தடவை தொடங்கினால் தானே வளரும்.

இன்னொரு நஷ்டமும் இதில் ஒளிந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடு செய்யும்போது மாறுகிற ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒன்று கார்பனேட்டாகப் போகிறது, ஆகவே உள்ளே விட்ட வாயுவில் பயன்படுவது பாதிதான் உச்சம். எத்திலீனுக்குக் கணக்கு இன்னும் மோசம்: இரண்டு மூலக்கூறு எத்திலீனாக மாறினால் ஆறு கார்பனேட்டாகிவிடும், 25 சதவீதம்தான் உச்சம். உங்கள் மாற்ற விகிதம் அதற்கு மேல் ஏற மறுத்தால் வினையூக்கியைத் திட்டாதீர்கள்.

செய்ய வேண்டியது வரிசையாக இது. முதலில் நேர்மின்முனைக் கரைசலின் அடர்த்தியைக் குறையுங்கள். 1 மோலாரில் ஓட்டிக்கொண்டிருந்தால் 0.1-க்கு வாருங்கள், பல செல்களில் இதுவே பாதி வியாதியைப் போக்கும். வோல்டேஜ் கொஞ்சம் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஓட்டும் முறையை மாற்றுங்கள்: குறிப்பிட்ட இடைவெளியில் வோல்டேஜைச் சிறிது நேரம் தணித்தால் மின்புலம் தளர்ந்து, சேர்ந்த கார்பனேட் சவ்வு வழியே நேர்மின்முனைப் பக்கம் போய்விடும். பொட்டாசியத்துக்குப் பதில் சீசியம் போட்டால் அதன் உப்பு கூடுதலாகக் கரையும். விலையைக் கேட்டால்தான் நமக்குக் கரையும்.

நான்காவது வழி எளிமையானது, அதனாலேயே எனக்கு ஆச்சரியம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2025-இல் வெளியிட்டது. வழக்கமாக வாயுவைத் தண்ணீர்க் குமிழிப் பாட்டில் வழியே விட்டு ஈரப்படுத்துவோம். அவர்கள் பாட்டிலில் தண்ணீருக்குப் பதில் நீர்த்த அமிலத்தை வைத்தார்கள். ஹைட்ரோகுளோரிக், ஃபார்மிக், அசிட்டிக் எல்லாம் முயன்றார்கள். வாயுவோடு துளி அமில ஆவி உள்ளே போய், பைகார்பனேட்டை நன்றாகக் கரையும் உப்பாக மாற்றிவிடுகிறது. தண்ணீர் ஈரத்தில் 80 மணி நேரம் வாக்கில் தளர்ந்த இடத்தில், அமில ஈரத்தில் 100 சதுர சென்டிமீட்டர் செல் 4,500 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கிட்டத்தட்ட ஆறு மாதம். வினையூக்கியை மாற்றாமல், பாட்டிலில் இருப்பதை மட்டும் மாற்றிக் கிடைத்த ஆயுள் அது.

அவசரத்துக்கு, செல்லைப் பிரிக்காமல் வாயுப் பக்கம் கொஞ்சம் சுத்தத் தண்ணீர் விட்டு அலசி, வாயுவால் ஊதி எடுக்கலாம். அலசியபின் பழைய எண்கள் திரும்பி வந்தால் வினையூக்கி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் வினையூக்கிக்கு மாலை போடக் கூடாது.

பகலில் ஒழுங்காக ஓடி, விடியற்காலையில் ஆடுகிறது

இது புத்தகத்தில் பார்க்காத அறிகுறி. எங்கள் ஆய்வகத்தில் கோடையில் மட்டும் வந்தது. விடிகாலை நாலு மணி வாக்கில் வாயு ஓட்டம் திக்கித் திக்கி வரும், வோல்டேஜ் ரம்பப் பல்லாகக் குதிக்கும், எட்டு மணிக்குத் தானே சரியாகிவிடும்.

காரணம் அந்தக் குமிழிப் பாட்டில். 35 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம் 5.6 கிலோபாஸ்கல், 25 டிகிரியில் 3.2. பகலில் கட்டடம் சூடேறியபோது பாட்டில் வாயுவில் அதிக ஆவியை ஏற்றியது. இரவில் ஜன்னலோரம் போகும் குழாய் சீக்கிரம் குளிர்ந்தது, பாட்டில் மெதுவாகக் குளிர்ந்தது. இடையில் ஆவி குழாயிலேயே தண்ணீராகி, தொங்கும் வளைவில் தேங்கி, வாயுவை மறித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் துளி முன்னும் பின்னும் ஊஞ்சலாடுவது கண்ணுக்கே தெரிந்தது.

பாட்டிலைச் சூடு மாறாத தண்ணீர்த் தொட்டியில் வையுங்கள். பாட்டிலிலிருந்து செல் வரை குழாயை, செல் பக்கம் கொஞ்சம் சூடு கூடுதலாக இருக்கும்படி வெப்ப நாடா சுற்றுங்கள். குழாய் தொய்யக் கூடாது. இதற்கு எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு: வாயு வறண்டு போனால் சவ்வு காய்ந்து, மின்தடை ஏறும்.

வாயு வெளியேறும் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது

வாயு இருக்க வேண்டிய துளைகளில் தண்ணீர் நிறைந்துவிட்டது. கரியமில வாயு வினையூக்கியைத் தொட முடியாது, தண்ணீர் தொடும், ஹைட்ரஜன் வரும். முதல் தலைப்பில் சொன்ன ஹைட்ரஜனுக்கும் இதற்கும் வித்தியாசம் வேகத்தில். அழுக்கு உலோகம் சீக்கிரம் வரும். இது பல மணி நேரம் ஒழுங்காக ஓடி, ஒரு கட்டத்தில் மடை உடைந்த மாதிரி வரும்.

கார்பன் தாள் முதலில் தண்ணீர் ஒட்டாத இயல்போடுதான் வரும். எதிர் மின்னழுத்தம் தொடர்ந்து பட்டால் அந்த இயல்பு குறையும். எத்தனால், புரோப்பனால் உண்டாகும் செல்களில் அவையே தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, துளைக்குள் வழி காட்டிவிடும். நன்றாக வேலை செய்யும் வினையூக்கி தன் காலையே வாரிக்கொள்ளும் விசித்திரம் இது.

இரண்டு பக்க அழுத்த வித்தியாசத்தைப் பாருங்கள். வாயுப் பக்கம் குறைந்தால் நீர் உள்ளே வரும், கூடினால் வாயு கரைசலுக்குள் குமிழியிடும். ஒரு வாயு வெளியேற்றக் குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் முக்குகிறோம் என்பதை வைத்தே இதைச் சீராக்கலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் கார்பன் தாளுக்குப் பதில் டெஃப்லான் சவ்வின் மேல் செம்பைப் பூசுவது. 2018-இல் டொரண்டோ குழு டெஃப்லான், செம்பு, கார்பன் துகள், கிராஃபைட் என்று அடுக்கி எத்திலீனை 150 மணி நேரம் நிலையாக எடுத்துக் காட்டியது. ஆனால் டெஃப்லான் மின்சாரம் கடத்தாது. அஞ்சல் தலை அளவு செல்லில் ஓரத்திலிருந்து மின்னோட்டம் எடுத்துவிடலாம். தாம்பாளம் அளவுக்குப் போனால் நடுப்பகுதிக்கு மின்சாரம் போய்ச் சேர்வதே பாடு.

கரண்ட் போய் வந்தது, அப்புறம் பழைய மாதிரி இல்லை

மாதப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாள் அது, எங்களுக்கு முன்பே தெரியும். இன்வெர்ட்டரும் இருந்தது. அதில் கம்ப்யூட்டரையும் மின்விசிறியையும் மாட்டியிருந்தோம், செல்லுக்கு மின்னழுத்தம் கொடுக்கும் பொட்டன்ஷியோஸ்டாட்டை மாட்டவில்லை. எங்களுக்குக் காற்று வந்தது, கணினி எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிவு செய்தது, செம்பு மட்டும் நாலு மணி நேரம் அனாதையாகக் கிடந்தது.

செம்புக்கு எதிர் மின்னழுத்தம்தான் கவசம். அது போனவுடன் மேற்பரப்பு ஆக்சைடாகும், கொஞ்சம் கரைசலில் கரையும். திரும்பக் கரண்ட் வந்ததும் கரைந்தது மறுபடி படியும், ஆனால் இருந்த இடத்தில் இருந்த உருவத்தில் படியாது. நானோ அளவுத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருக்கும். சின்னத் துகள் கரைந்து பெரியதன் மேல் சேரும், சின்ன நூற்பாலையைப் பெரிய ஆலை வாங்குகிற மாதிரி. பரப்பு குறையும், முகப்பு மாறும், எத்திலீனுக்கும் மீத்தேனுக்கும் இருந்த விகிதம் மாறும். வெள்ளி இந்த விஷயத்தில் செம்பை விடப் பொறுமைசாலி.

செய்ய வேண்டியது: செல்லுக்குத் தனி யு.பி.எஸ். முழு மின்னோட்டம் வேண்டாம், செம்பு கரையாமல் பிடித்து வைக்கும் அளவுக்குச் சிறு எதிர் மின்னழுத்தம் போதும். அதுவும் முடியாவிட்டால், நிறுத்தும் முன் கரைசலை வடித்துவிட்டு, நைட்ரஜன் ஓடவிட்டு வையுங்கள். நிறுத்தி எடுத்தது எத்தனை தடவை என்பதை ஓடிய மணிக்கணக்கோடு சேர்த்துக் குறியுங்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுற்றும் காத்தாடி மின்சாரத்தில் இதை ஓட்டுவோம் என்று திட்டம் எழுதும்போது எல்லோரும் மணிக்கணக்கைத்தான் எழுதுகிறோம். காற்று நின்று நின்று வரும் செல்லுக்கு அந்த இரண்டாவது எண்தான் உண்மையான வயது.

எத்திலீன் இறங்குகிறது, ஹைட்ரஜனை விட ஃபார்மேட் ஏறுகிறது

சிலிண்டர் வாயுவில் ஓடியபோது இல்லாமல், வெளியிலிருந்து எடுத்த வாயுவுக்கு மாறியதும் வந்தால் கந்தகம். கொதிகலன் புகையில் வரும் சல்ஃபர் டை ஆக்சைடு செம்பின் மேல் வேலை செய்து, எத்திலீன், எத்தனால் வழியை அடைத்து, ஃபார்மேட் வழியைத் திறந்துவிடும். சுத்தமான வாயுவுக்குத் திரும்பினாலும் செம்பு பழையபடி ஆவதில்லை. அதே சோதனையில் வெள்ளியும் வெள்ளீயமும் தேறி வந்துவிடுகின்றன.

நம்ம பக்கம் வாயு கிடைக்கும் இடங்களை யோசித்தால் இது சும்மா விடக்கூடிய விஷயமில்லை. ராசிபுரம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரிலிருந்தும் கோழிப்பண்ணை எருவிலிருந்தும் சாண எரிவாயு எடுக்கிறார்கள். மீத்தேனைப் பிரித்தபின் மிஞ்சுவது நல்ல கரியமில வாயு, ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கூட வரும். கரும்பு ஆலை வடிப்பகத்தில் நொதிக்கும் தொட்டியின் வாயு அதை விடச் சுத்தம், துளி ஆல்கஹால் ஆவியும் கொஞ்சம் காற்றும்தான் தொல்லை. கந்தகத்தைப் பிடிக்க முதலில் இரும்பு ஆக்சைடுப் படுகை, அதற்கடுத்துத் துத்தநாக ஆக்சைடு அல்லது கிளர்வூட்டப்பட்ட கரி வையுங்கள். இரண்டையும் தாண்டி வரும் வாயுவை ஈய அசிடேட் தாளில் காட்டுங்கள். தாள் கறுத்தால் படுகை தீர்ந்துவிட்டது. காற்று கலந்திருந்தால் ஆக்சிஜன் உங்கள் மின்னோட்டத்தைத் தின்றுவிட்டுத் தண்ணீராகிப் போகும். அப்போது வினையூக்கியில் மாற்றமில்லாமல் எல்லா விளைபொருளும் ஒன்றாகக் குறையும்.

வோல்டேஜ் மட்டும் ஏறுகிறது, விகிதம் மாறவில்லை

எதிர்மின்முனையை விட்டுவிடுங்கள், கோளாறு அங்கே இல்லை. மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்குச் செல் காட்டும் தடையை, பல அதிர்வெண்களில் அளந்து பாருங்கள். அந்த வரைபடத்தில் உயர் அதிர்வெண் பக்கத்துக் கோடு அச்சை வெட்டும் புள்ளி நகர்ந்தால் சவ்வு காய்ந்திருக்கிறது, அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. நகரவில்லையென்றால் நேர்மின்முனை. காரக் கரைசலில் நிக்கல் நுரையைப் போட்டுத் தொடங்குகிறோம். எதிர்ப்பக்கத்திலிருந்து கார்பனேட் வந்து வந்து, சில நாளில் காரமே பைகார்பனேட்டாகிவிடுகிறது. அதில் நிக்கல் கரையும், கரைந்த நிக்கல் சவ்வைத் தாண்டினால் முதல் தலைப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். கரைசலின் பி.எச். பாருங்கள், மாற்றுங்கள். நடுநிலைக் கரைசலில்தான் ஓட்டுவது என்றால் இரிடியம் தவிர்க்க முடியாது; உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏழெட்டு டன் அளவில்தான் கிடைக்கும் உலோகம், கிராம் கணக்கில் பார்த்துச் செலவு செய்யுங்கள்.

கூட்டிப் பார்த்தால் நூறு வரவில்லை

கொடுத்த மின்னோட்டத்தில் ஒவ்வொரு விளைபொருளுக்கும் போன சதவீதத்தைக் கூட்டினால் நூறு வர வேண்டும். நூறுக்கு மேல் வந்தால் பெரும்பாலும், உள்ளே போன வாயு அளவையே வெளியே வந்த அளவாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கரியமில வாயு கார்பனேட்டாகத் தொலைவதால் வெளியே வருவது குறைவு. சோப்புக் குமிழி மீட்டரை வெளியேற்றக் குழாயில் வையுங்கள். நூறுக்குக் கீழே என்றால் கசிவு, இல்லையென்றால் ஃபார்மேட், அசிடேட், எத்தனால் சவ்வைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிருக்கும். அந்தக் கரைசலையும் சோதியுங்கள்.

மெத்தனால் உலையில் விளைச்சல் குறைகிறது

மின்சாரமில்லாமல் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சூட்டில் சேர்ப்பவர்களுக்கு இது. செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா கலந்த வினையூக்கி 1960-களிலிருந்து தொழிற்சாலைகளில் 200 முதல் 300 டிகிரிக்குள் ஓடுகிறது. செம்பு அணுக்கள் மேற்பரப்பில் நகரத் தொடங்க 134 டிகிரியே போதும் என்பது கணக்கு, ஆகவே இது எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு திரளும் பொருள்தான். 300-ஐத் தாண்டவிட்டால் வேகமாகத் திரளும். கரியமில வாயுவில் ஓட்டும்போது மெத்தனாலுக்குச் சமமாகத் தண்ணீரும் உண்டாகிறது, அந்த நீராவி திரளலை இன்னும் தூண்டும். அலுமினாவுக்குப் பதில் சிர்கோனியா போட்டால் நீராவியைத் தாங்கும்.

கோளாறு எது என்று படுகையில் நீளவாக்கில் வைத்த வெப்பமானிகள் சொல்லும். வெப்பமான இடம் நுழைவாயிலிலிருந்து கீழே கீழே நகர்ந்தால் விஷம்: கந்தகம் அல்லது குளோரைடு வரிசையாகக் கொன்றுகொண்டு வருகிறது. வாயு சுத்தத்தைப் பாருங்கள். இடம் நகராமல் மொத்தமாக மங்கினால் திரளல். அதற்கு ஐந்து டிகிரி கூட்டி ஓட்டிக்கொள்வது தவிர உடனடி வழி இல்லை.

நிக்கல் போட்டு மீத்தேன் செய்பவர்கள், 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாத்தியே கண்ட அதே வினைதான், ஒரு எச்சரிக்கையைச் சுவரில் ஒட்டி வையுங்கள். உலையைக் குளிரவிடும்போது கார்பன் மோனாக்சைடு உள்ளே இருக்கக் கூடாது. 200 டிகிரிக்குக் கீழே அது நிக்கலோடு சேர்ந்து நிக்கல் கார்பனைல் ஆகும். வினையூக்கியும் போகும், அந்த ஆவி ஆளையும் கொல்லும். நைட்ரஜன் விட்டு வெளியேற்றிவிட்டுத்தான் குளிர்விக்க வேண்டும். ஆக்சிஜன் நீக்கி உலோகமாக்கிய செம்பு, நிக்கல் இரண்டையும் சூட்டோடு காற்றில் திறந்தால் தானே கனன்று எரியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் இறங்குகிறது

இப்போது மாற்றிப் போடும் சோதனை. பழைய மின்முனையை நல்ல தண்ணீரில் அலசி, புதுச் சவ்வு, புதுக் கரைசல், புதுக் கேஸ்கட் உள்ள செல்லில் போடுங்கள். பழைய செல்லில் புது மின்முனையைப் போடுங்கள். புது மின்முனையும் அதே மணி நேரத்தில் படுத்தால் செல்தான் நோயாளி. பழைய மின்முனை புதுச் செல்லிலும் எழவில்லையென்றால், இப்போது சொல்லலாம், வினையூக்கி போய்விட்டது.

அதற்கப்புறம்தான் நுண்ணோக்கிக்கும், மேற்பரப்பில் என்ன அணுக்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிமின்னிறமாலைக்கும் மாதிரி அனுப்ப வேண்டும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு மையம் போன்ற இடங்களுக்கு அனுப்பும்போது காற்றுப் படாமல் நைட்ரஜன் நிரப்பிய பையில் ஒட்டி அனுப்புங்கள், பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் ஆக்சைடானதைப் பார்த்துவிட்டு "ஆக்சைடாகிப் படுத்தது" என்று கட்டுரை எழுதிவிடாதீர்கள். ஓட்டுவதற்கு முன் எடுத்த துண்டு ஒன்றும் கூடவே போகட்டும்.

எங்களுடைய கடைசி மாற்றிப் போடும் சோதனை போன மாதம். ஆறு நாள் ஓடி இறங்கிய செம்பு மின்முனை புதுச் செல்லில் முதல் நாள் எண்களுக்கே திரும்பியது. பழைய செல்லைப் பிரித்துப் பரப்பினோம். வாயு நுழையும் பக்கத்து ஓ-ரிங்கில், நகத்தால் தடவினால்தான் தெரியும் அளவுக்கு ஒரு வெட்டு. நாலு ரூபாய் ஓ-ரிங்.